பனங்காடையைத் தொட்டவர்கள்

பீரோ சாவி ஜெசிந்தா டீச்சரிடம் இருந்தது. ஜெசிந்தா டீச்சர் ஏழாம் வகுப்பில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், அதுவரை உட்காருங்க மேடம் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் வெயிலுமுத்து மேசைமேல் கிடந்த பேனாக்களை ஒரு பக்கமாக அடுக்க ஆரம்பித்தார். முப்புடாதி உட்கார்ந்தாள். தன் அப்பாவைவிட மூத்த ஒருவர் தன்னை மேடம் என்று கூப்பிடும்போதெல்லாம் முதுகுப்பக்கம் வேறு யாரோ நிற்பதாக அவளுக்குத் தோன்றும். இன்றைக்கு அதுகூடத் தோன்றவில்லை. எதிரே சுவரோரம் நின்ற பச்சை பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் பாடம் பண்ணின பனங்காடைப் பறவை இருக்கிறது, பனங்காடையின் தோலில் பாஷாணம் இருக்கிறது. இந்தப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் அவள் போனில் கேட்டபோது இந்த மனிதரே சொன்னார். ‘ஒரு பிள்ளை விடாம தொட்டுப் பாத்துச்சு மேடம், ரொம்ப சந்தோஷம்.’ அந்த சந்தோஷம் என்ற சொல் ராத்திரி முழுக்க அவள் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. எதனால் கேட்கிறாள் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பொருள்களைச் சரிபார்க்கணும் சார், நாளைக்கு வாரேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். சரிபார்க்க வருகிறவள் முதல் பஸ்ஸைப் பிடித்து, சாப்பிடாமல், ரப்பர் கையுறையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வருவாளா.

முன்பெல்லாம் இந்தப் பறவையை அவள் ஒரு நல்ல காரியமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அருங்காட்சியகத்தில் அவளுடைய வேலையே அதுதான். கண்ணாடிக்குள் இருப்பவை பார்க்க மட்டும். தொட்டுப் பார்ப்பதற்கென்று தனியாகப் பொருள்களைப் பிரித்து, நம்பர் போட்டு, பெட்டிகளாகக் கட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி, எந்தப் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வது. தொடு பெட்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான். பொருளின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சு மாதிரி ஒரு தெளிவான பூச்சு, அது காய்ந்ததும் வெள்ளைக் கோடு, அதன்மேல் கறுப்பு மையில் நம்பர், அதன்மேல் மறுபடி பூச்சு. பிள்ளைகளின் விரல்கள் எவ்வளவு தேய்த்தாலும் நம்பர் அழியாது. பானை ஓட்டுக்கும் சங்குக்கும் இப்படி எழுதலாம், பறவைக்கு எழுத முடியாது. அதனால் காலில் ஒரு துணிச் சீட்டைத் தைத்தாள். ஊசியில் கோப்பதற்கு நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தினாள். அதற்கு முன்னால் அதன் இறக்கையில் இருந்த தூசியை வாயால் ஊதியிருந்தாள். நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அம்மா பின்னால் வந்து, ‘என்னட்டி, நாக்குல என்ன எழுதியிருக்கு’ என்றாள். ஒன்றுமில்லை என்றாள். நாக்கு சாதாரண நாக்காகத்தான் இருந்தது. தனக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லை என்று அப்போது நினைத்தாள். உடனே, அதுவும் பொய், பயமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் இரண்டு பயமும் ஒன்றல்ல. தனக்காகப் பட்ட பயம் தொண்டையோடு நின்றது. பிள்ளைகளுக்காகப் பட்டது வயிற்றில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

‘டீ சொல்லட்டுமா மேடம்?’ என்றார் வெயிலுமுத்து. வேண்டாம் சார் என்றாள். ‘இதுக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பஸ்ல ஏத்தி அனுப்பியிருப்பேன்லா. கண்டக்டர் நம்ம பழைய ஸ்டூடண்டுதான்.’ இதை அவர் மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். ஏன் இப்படி அனுப்பி வைக்கத் துடிக்கிறார். எதையோ மறைக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. பெற்றோர் வந்து சத்தம் போட்டிருப்பார்கள், இவர் சமாதானம் பண்ணி அனுப்பியிருப்பார். அவருடைய கை பேனாக்களை அடுக்கி முடித்து, கலைத்து, மறுபடி அடுக்கியது. கேட்டுவிட வேண்டும். நேராகக் கேட்டுவிட வேண்டும். ‘சார், பிள்ளைங்க எப்படித் தொட்டுப் பார்த்தாங்க?’ என்றாள். ‘எப்படின்னா, கையாலதான்.’ ‘இல்ல சார், கையைக் கழுவுனாங்களா?’ ‘பின்ன? சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடவே விட்டோம். உங்க பொருள் அழுக்காயிரக் கூடாதுல்லா.’ ‘தொட்டதுக்கு அப்புறம்?’ ‘தொட்டதுக்கு அப்புறம் எதுக்கு மேடம்?’ என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். தொட்டதுக்கு அப்புறம் எதுக்கு. சத்துணவு மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சோற்றைப் பிசைந்திருப்பார்கள். முட்டையை உரித்திருப்பார்கள். அந்த நீல இறக்கையைத் தடவிய விரல்களால்.

விரல் வாய்க்குப் போவதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் தூள், நாள் முழுக்க விரல்களில் புகையிலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளும் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து இலை வெட்டிக்கொடுப்பாள். முப்பிப் பிள்ள, அந்தக் கையோட கண்ணைத் தொடாத, அந்தக் கையோட தம்பியைத் தூக்காத என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லிக்கொண்டே அம்மா அதே கையால் சோறு போடுவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் குழம்பில் ஒரு காரல் இருக்கும். அது அம்மாவின் சமையலுடைய ருசி என்றுதான் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை அவள் நினைத்திருந்தாள். விடுதியில் முதல் நாள் சாம்பார் சப்பென்று இருந்தது, என்னமோ குறைகிறதே என்று தேடினாள். இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறோம். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வரலாற்றில் எம்.ஏ., கையில் தூள் படாத வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற வேலை. அந்த வேலையில் உட்கார்ந்துகொண்டு ஊரான் பிள்ளைகளின் விரல்களில் இவள் என்னத்தைத் தடவிவிட்டாள்.

நேற்று வேதியியல் அதிகாரி ஒருவர் தலைமையகத்திலிருந்து வராமலே இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. கிடங்கைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர், அலமாரியில் இருந்த கீரிப்பிள்ளையை அவள் வெறுங்கையால் எடுத்துக் காட்டியதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ‘அதை அப்படியே வைம்மா. அந்தக் காலத்துப் பாடம் பண்ணின தோல் எல்லாத்துலயும் பாஷாணம் இருக்கும். பூச்சி அரிக்காம இருக்கத் தடவுவாங்க. அம்பது வருஷம் கழிச்சும் போகாது.’ ‘தொட்டா என்ன சார் ஆகும்?’ ‘தொட்ட உடனே யாரும் விழுந்திர மாட்டாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது, போயிக் கையைக் கழுவு. சின்னப் பிள்ளைங்க கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதுங்களுக்குக் கை எப்பவும் வாயிலதானே இருக்கும்.’ அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், அல்லது முகத்தை அப்படி வைத்துக்கொண்டாள். அதே அலமாரியிலிருந்துதான் பனங்காடையை எடுத்திருந்தாள். பழைய பறவைகளும் பிற்பாடு செய்த பறவைகளும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன. பழையவை என்றால் மரப் பீடத்தில் நம்பர் இருக்கும். நம்பர் இல்லாததெல்லாம் தொடு பெட்டிக்கு என்பது அங்கே காலம் காலமாக இருக்கும் வழக்கம். பனங்காடைக்குப் பீடமே இல்லை. யாரோ எப்போதோ வேறு எதற்கோ பீடத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். பீடத்தோடு நம்பரும் போய்விட்டது. இவள் அதைப் புதுசு என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க ஆசைப்பட்டாளா. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான். பெட்டியில் எல்லாம் மண் நிறமாக இருந்தது, கல், ஓடு, எலும்பு, மறுபடி கல். ஒரு நிறம் வேண்டும் என்று இருந்தது. அந்த இறக்கையை லேசாக விரித்தால் உள்ளே அப்படி ஒரு நீலம். ஒரு பிள்ளையாவது அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்தாள். பிளந்த வாய்.

வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ‘சார், இவளுக்கு வயிறு வலிக்காம் சார். வீட்டுக்குப் போணுமாம்.’ முப்புடாதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. ‘காலையில என்னட்டி தின்ன?’ என்றார் வெயிலுமுத்து. ‘ஒண்ணும் திங்கல சார்.’ ‘பின்ன வலிக்காம என்ன செய்யும். பரீட்சைன்னா மட்டும் உனக்கு வயிறு வலிக்கும்.’ ‘எந்த வகுப்பும்மா?’ என்று முப்புடாதி கேட்டாள். ‘ஆறாப்பு மிஸ்.’ ‘அந்தப் பறவையைத் தொட்டியா நீ? நீலமா இருக்குமே, பெட்டிக்குள்ள.’ அந்தப் பிள்ளை முப்புடாதியைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்தது. இன்னொருத்தியும் அவரையே பார்த்தாள். ‘எந்தப் பறவை மிஸ்?’ என்று அது மெதுவாகக் கேட்க, வெயிலுமுத்து படாரென்று எழுந்து, ‘போ, போ, ஜெசிந்தா டீச்சர்ட்ட மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படு. அப்படியே டீச்சரைச் சீக்கிரம் வரச் சொல்லு’ என்று இரண்டு பேரையும் விரட்டினார். எதையும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இவருடைய கண்ணைப் பார்த்ததும் ஒரு பிள்ளை பறவையையே மறந்துபோகிறது. அப்படியானால் விஷயம் பெரியது. இந்தப் பிள்ளை மட்டும் இல்லை, இன்னும் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியில், என்று மனசு ஓட ஓட, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்தாள், வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தாள், போலீஸ் ஜீப்பைப் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கும் அம்மாவைப் பார்த்தாள். சொல்லிவிடு. இந்த நிமிஷமே சொல்லிவிடு. ‘சார்’ என்றாள். ‘ஒண்ணு சொல்லணும் சார்.’ அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘நானும் ஒண்ணு சொல்லணும் மேடம்’ என்றார்.

இரண்டு பேரும் சொல்வதற்குள் ஜெசிந்தா டீச்சர் வந்துவிட்டார். கக்கத்தில் பரீட்சைப் பேப்பர் கட்டு, விரலில் சாவிக்கொத்து. முப்புடாதிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அதே மூச்சில், ‘சார், இவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?’ என்று கேட்டார். ‘சொல்லத்தான் போனேன்.’ ‘இவ்வளவு நேரமாவா?’ டீச்சர் சாவியைப் போட்டார். பீரோ கதவு ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும்போல, தட்டினார். மேல் தட்டில் பழைய கேள்வித்தாள்கள், பித்தளை மணி, சுதந்திர தினக் கொடி, ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய இரண்டு கோப்பைகள். கீழ்த் தட்டில் ஒரு பூப்போட்ட போர்வை. போர்வையை விலக்கியதும் பெட்டி. அது பெட்டி என்று மட்டும் முதலில் தெரிந்தது. அப்புறம் அதன் மூடி தெரிந்தது. மூடியின் நான்கு பக்கமும் ஒட்டியிருந்த பழுப்பு டேப் தெரிந்தது. டேப்பின் மேலும் மூடியின் மேலுமாகச் சேர்த்து அவள் போட்டிருந்த கையெழுத்து, முப்புடாதி, பாதி டேப்பில் பாதி அட்டையில், துண்டிக்கப்படாமல், ஒரு சுழி கூட விலகாமல் அப்படியே இருந்தது. அவள் குனிந்து விரலால் டேப்பின் ஓரத்தைத் தடவினாள். நகம் நுழையவில்லை. மறுபக்கம் போய்த் தடவினாள். அங்கேயும் நுழையவில்லை. ‘திறக்கவே இல்லையா?’ என்றாள். வெயிலுமுத்து பேனாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘டீச்சர், இதைத் திறக்கவே இல்லையா?’ ‘வந்த அன்னைக்கே பூட்டுனதுதான்’ என்றார் ஜெசிந்தா டீச்சர். ‘நான் தலையால தண்ணி குடிச்சேன். சார் கேட்டாத்தானே. பெட்டியைத் தூக்கிட்டுப் போறதைப் பிள்ளைங்க ஜன்னல் வழியாப் பாத்தது, அவ்வளவுதான்.’

முப்புடாதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு உள்ளங்கையிலிருந்து தோள்வரை ஏறியது. வெளியே எங்கேயோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், இப்போதுதான் காதில் விழுகிறது. பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்பது ஒரு நல்ல செய்தி மாதிரி ஞாபகம் வந்தது. வயிற்றில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது, அந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே இட்லி போடலாம். வயிறு வலித்த அந்தப் பிள்ளைக்குப் பரீட்சைக்குப் பயம், வெறும் பயம், எவ்வளவு அருமையான வயிற்று வலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வரும் வழியில் கண்ணில் தண்ணீரும் வந்தது. அதைப் பார்த்த வெயிலுமுத்து வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ‘மேடம், மன்னிச்சிருங்க மேடம். போன்ல கேக்கும்போது இல்லைன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கு வர்ற மே மாசம் ரிட்டயர்மெண்டு. நீங்க அனுப்பின கடிதத்துல என்ன போட்டிருந்தீங்க? பொருளுக்குச் சேதமோ இழப்போ ஏற்பட்டா தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு. ரெண்டாயிரம் வருஷத்துச் சாமானுக்கு நான் எந்தக் கடையில போயி வேற வாங்கித் தரதுக்கு?’ அந்த வரி அவள் எழுதியதுதான். எழுதிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்து, அலுவலகக் கடிதம் எழுத வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட வரி. எத்தனையோ ஊர்களுக்கு அந்த வரியோடு பெட்டிகள் போயிருக்கின்றன. எல்லாம் கீறல் இல்லாமல், கறை இல்லாமல், நம்பர் அழியாமல் திரும்பி வந்திருக்கின்றன. நல்லாக் கண்காணிக்கிறேம்மா என்று காப்பாட்சியர் பாராட்டியிருக்கிறார். வந்த பெட்டிகளில் ஒன்றிலாவது ஒரு பிள்ளையின் கை அழுக்கு இருந்ததா. ஒரு ஓட்டிலாவது புதிதாக ஒரு சில்லுப் பெயர்ந்திருந்ததா. டேப்பைப் பிரித்து, பிள்ளைகள் கையில் கொடுக்காமலே மறுபடி ஒட்ட எவ்வளவு நேரமாகும். இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் ஏதோ குத்தியது, ஆனால் நிம்மதி அதைவிடப் பெரியதாக இருந்தது. குத்தட்டும், அதை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

‘சார், நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க’ என்று எழுந்து நின்றாள். பிறகு சொன்னாள். பறவையைப் பற்றி, பீடத்தைப் பற்றி, பாஷாணத்தைப் பற்றி, ஒரு நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டது உட்பட எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல வெயிலுமுத்துவின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. ‘பாத்தீங்களா டீச்சர்’ என்றார் கடைசியில். ‘பூட்டி வச்சேன் பூட்டி வச்சேன்னு என்னமா கரிச்சுக் கொட்டுனீங்க.’ ‘ஆமா, உள்ள பாஷாணம் இருக்குன்னு சார் மோந்து பாத்தே கண்டுபிடிச்சுட்டீங்க’ என்றார் ஜெசிந்தா டீச்சர். ‘பயந்த சுபாவமும் ஒரு நாளைக்கு உதவும்போல.’ வெயிலுமுத்து அதற்குக் கோபப்படவில்லை. ஆனால் உடனே முகம் சுருங்கியது. ‘இதை நீங்க ஆபீஸ்ல சொல்லணுமா மேடம்? ஒண்ணும் ஆகலையே.’ முப்புடாதி யோசித்தாள். ஒப்பந்த வேலை. புதுப்பிக்க வேண்டிய நேரம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தட்டில் இன்னும் கீரிப்பிள்ளை இருக்கிறது, மரங்கொத்தி இருக்கிறது, நாளைக்கு வேறு யாராவது ஒரு நிறத்துக்கு ஆசைப்படுவார்கள். ‘என் தப்பைச் சொல்லித்தான் ஆகணும் சார். உங்க கதை என் வாயில வராது, அவங்களாக் கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்.’ ‘அது போதும்’ என்றார் அவர்.

கையுறையைப் போட்டுக்கொண்டு டேப்பை அறுத்தாள். பனங்காடை தனியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டியில், தனியாக ஒட்டப்பட்டு இருந்தது. நல்லவேளை, இறகு நசுங்கிவிடும் என்று அப்படி வைத்திருந்தாள். அதைத் திறக்காமலே எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து, கையுறையையும் உரித்து அதோடு வைத்து, ஓரமாகத் தள்ளினாள். குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுவிட்டு வந்தாள். வெயிலுமுத்து பெட்டிக்கு மேலே குனிந்து நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. ‘மத்ததெல்லாம்?’ ‘மத்ததெல்லாம் கல்லும் ஓடும்தான் சார். தாராளமாத் தொடலாம்.’ ‘கீழ விழுந்து உடைஞ்சா?’ ‘உடைஞ்சதுன்னு எழுதிக்குவேன் சார். அந்த வரியை எடுத்துர்றேன். உடையறதுக்குன்னுதான் இதைத் தனியாப் பிரிச்சு வச்சிருக்கு.’ சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே பட்டது. அவர் தலையாட்டினார். ‘டீச்சர், ஆறாப்பு பிள்ளைங்களை வரச் சொல்லுங்க. வரிசையா வரணும். சத்தம் இருக்கக் கூடாது.’ ஜெசிந்தா டீச்சர் வாசல் வரைக்கும் போயிருப்பார். வெயிலுமுத்துவின் வலது கை முதுகிலிருந்து அவிழ்ந்து வந்து, பெட்டியின் ஓரத்தில் இருந்த கல்மரத் துண்டின் மேல் இறங்கியது. பார்வைக்கு அது பட்டை உரித்த மரக்கட்டை மாதிரியே இருக்கும், வரிவரியாக, ஒரு கணுவோடு. விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். ‘குளிருது’ என்றார். ‘இது கட்டை இல்லையா?’ ‘ஒரு காலத்துல மரம் சார். இப்போ கல்லு.’ ‘நிஜமாவா?’ மறுபடி தொட்டார். இந்தத் தடவை உள்ளங்கை முழுவதையும் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் தூக்கி, கனத்தைப் பார்த்து, கணுவின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ‘டீச்சர்’ என்றார். ‘கூப்பிடாதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க.’